மகள் 'மஹால்' ஆகலாமா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

தமிழை ஆங்கில எழுத்திலேயே எழுதிப் படித்தால் என்ன என்று சென்ற இதழில் ஒரு வாசகர் கேட்டிருந்தார். அவருக்கு என் பேத்தியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வெளிமாநிலத்தில் படிக்கும் அவள், பொங்கலை ஒட்டி நடந்த பேச்சுப்போட்டியில் கலந்துகொண்டாள். பேச்சு முழுவதையும் ஆங்கில எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்கள். 'எம், ஏ, எச், ஏ, எல்' என்றிருந்த மகள், மேடையில் 'மஹால்' ஆனாள். 'நல்ல வழி' நல்ல வலியாயிற்று. குழந்தை தாளில் இருந்ததைத்தான் படித்தாள். வி, ஏ, எல், ஐ என்று எழுதினால் அது வலியா, வளியா, வாலியா, வாளியா? சொல்லை முன்பே அறிந்த நாம் இடம் பார்த்து ஊகித்துவிடுகிறோம். இனிமேல்தான் அந்தச் சொல்லைக் கற்க வேண்டிய பிள்ளை என்ன செய்யும்?

ரோமன் எழுத்தில், அதாவது ஆங்கில எழுத்தில், தமிழைத் துல்லியமாகக் குறிக்கவே முடியாது என்று நான் சொல்லவில்லை. சென்னைப் பல்கலைக்கழகத்தின் தமிழ்ப் பேரகராதியில் ளகரத்தைக் குறிக்க 'எல்' எழுத்தின் கீழே புள்ளியும் ழகரத்தைக் குறிக்க அதன் கீழே கோடும் இட்டு எவ்வளவு நேர்த்தியாகப் பிரித்திருக்கிறார்கள்! ஆய்வாளர்களுக்கு அது வேண்டும். ஆனால் கைப்பேசியில் யார் புள்ளியும் கோடும் இடுகிறார்கள்? அத்தனை குறிகளையும் கற்கும் நேரத்தில் அகரமுதலையே கற்றுவிடலாமே.

இது புதிய யோசனையும் அன்று. 1554இல் லிஸ்பனில் அச்சான தமிழ்ச் சமய நூல் ரோமன் எழுத்தில்தான் வந்தது. ஆனால் 1578இல் கொல்லத்தில் 'தம்பிரான் வணக்கம்' அச்சிட்டபோது தமிழ் எழுத்துகளையே வார்த்தார்கள். அன்று ஒவ்வோர் எழுத்தையும் உலோகத்தில் வார்த்தாக வேண்டும். இன்றோ ஆங்கில விசைகளைத் தட்டினாலே கைப்பேசி தமிழாக்கித் தருகிறது.

247 எழுத்து என்றதும் பெற்றோர் மலைக்கிறார்கள். உயிர் 12, மெய் 18, ஆய்தம் ஒன்று. இவற்றோடு கால், கொம்பு, கொக்கி பிடிபட்டால் உயிர்மெய் பெரும்பாலும் தானே வந்துவிடும். உகர, ஊகார வரிசை மட்டும் கொஞ்சம் படுத்தும். அங்கே பொறுமை வேண்டும். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ஆண்டுதோறும் சொல்லிக்கொடுத்தவள் நான்.

போட்டி நடத்துவோர் ஆங்கில எழுத்துத் தாளை மேடையில் அனுமதிக்க வேண்டாம். உங்களிடமும் ஒரு வேண்டுகோள்: சிறுவர் பக்கத்தில் இதழுக்கு நான்கு வரியாவது பெரிய எழுத்தில் அச்சிடுங்கள். பேத்தி இப்போது ஙகர வரிசையைத் தாண்டிவிட்டாள். வெட்டி அனுப்பி வைப்பேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற ஆசிரியை,
மதுரை