பாலைவனக் கூடாரத்துக்குப் போயா நாளில் போகாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஞாயிறு இதழில் டுபாய் மணல்மேடுகளில் குடும்பத்தோடு ஓர் இரவு தங்குவது பற்றி வந்த கட்டுரையை வாசித்தேன். படங்கள் நல்ல அழகு. ஆனால் ஜீப் சவாரி, ஒட்டகம், மருதாணி, நெருப்பு வித்தை, சுட்ட இறைச்சி என்று சாயங்காலத்தைப் பக்கம் முழுக்க எழுதிவிட்டு இரவை ஒரு வரியில் முடித்துவிட்டீர்கள். அந்தச் சாயங்கால நிகழ்ச்சிகளை எல்லாம் இரவு தங்காமலே பார்க்கலாம். பின்னேரம் ஏற்றிக்கொண்டு போய் ஒன்பது மணியளவில் திருப்பி அனுப்பிவிடுகிறார்கள், கட்டணமும் குறைவு. கூடுதல் காசு கட்டிப் பிள்ளைகளையும் வயதானவர்களையும் அங்கே படுக்க வைப்பது அந்தக் கூட்டம் கலைந்து பாட்டுப் பெட்டியை நிறுத்திய பிறகு கிடைப்பதற்காகத்தானே? சார்ஜாவில் இருக்கும் மச்சாள் குடும்பத்தோடு போய் வந்தவர்கள் நாங்கள், அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் மாதம். இங்கே பயண முகவர்கள் ஆகஸ்ட் பள்ளி விடுமுறைக்கென்று மலிவாக ஒரு திட்டம் வைத்திருக்கிறார்கள். மலிவுக்குக் காரணம் கேட்டால் சலுகை என்பார்கள். காரணம் வெயில். ஆகஸ்டில் அங்கே பகலில் 40 பாகையைத் தாண்டுவது வழக்கம், இரவிலும் புழுக்கம் விடாது, பிறகு குளிரூட்டிய கூடாரத்துக்குள் அடைந்து கிடப்பதென்றால் கொழும்பிலேயே ஓர் ஹோட்டல் அறையில் கிடக்கலாம். போவதென்றால் நவம்பரிலிருந்து மார்ச்சுக்குள் போங்கள், டிசம்பர் விடுமுறை அதற்குள்தான் வருகிறது. ஆனால் அப்போது குளிரும்! பாலைவனம் என்றாலே சூடு என்று நம்பிக் கையில்லாச் சட்டையோடு வந்து இறங்கும் நம்மவர்களைப் பார்க்கப் பாவமாக இருந்தது. மேலே மூட முகில் இல்லை, மணல் பகலில் வாங்கிய சூட்டைப் பொழுது சாய்ந்ததும் விட்டுவிடுகிறது. ஜனவரி இரவில் 10 பாகை வரையில்கூட இறங்கும். நுவரெலியாவுக்குக் கொண்டுபோகிற சுவெட்டரை அப்படியே கட்டிக்கொண்டு போங்கள். விடியற்காலையில் பனி இறங்கிக் கூடாரத் துணி நனைந்திருக்கும், வெளியே உடுப்புக் காயப் போடாதீர்கள்.

அடுத்ததுதான் யாரும் சொல்லாத விஷயம். நாம் பயணம் போடுவதே போயா விடுமுறையை வார இறுதியோடு சேர்த்துத்தான். போயா என்றால் பௌர்ணமி. நிலவில் மணல்மேடு அழகுதான், மறுக்கவில்லை, ஆனால் வெள்ளவத்தை மாடியில் நின்று பத்து நட்சத்திரம்கூடப் பார்த்திராத பிள்ளைக்கு வானத்தைக் காட்டத்தான் இவ்வளவு தூரம் போகிறோம் என்றால், அமாவாசையை ஒட்டிப் போக வேண்டும். டிசம்பரில் கார்த்திகைக் கூட்டமும் ரோகிணியும் திருவாதிரையும் தலைக்கு மேலே ஏறி வருவதைப் பிள்ளைகள் கழுத்து வலிக்கும் வரை பார்த்தார்கள். நள்ளிரவை நெருங்க, தெற்கே அடிவானத்துக்குச் சற்று மேலே நம் அகத்தியர் நட்சத்திரம். அரபுக்காரர் அதைச் சுஹைல் என்கிறார்கள், ஆகஸ்ட் கடைசியில் விடியலுக்கு முன் அது தென்பட்டால் கோடை தணியத் தொடங்கும் என்பது அவர்கள் கணக்கு. (ஆகஸ்ட் திட்டம் விற்கும் முகவர்கள் கவனிக்கவும்.)

இடமும் முக்கியம். டுபாய்க்குக் கிட்ட உள்ள லஹ்பாப் சிவந்த மணல், இரும்பு ஒக்சைட்டால் வந்த நிறம், படத்துக்கு நன்றாக இருக்கும், ஆனால் கூட்டம் அதிகம், நகர வெளிச்சமும் வானத்தில் தெரியும். 225 சதுர கிலோமீற்றர் அளவுள்ள டுபாய் பாலைவனக் காப்பகத்துக்குள் என்றால் வாகன ஓட்டத்துக்குக் கட்டுப்பாடு உண்டு. 1972 அளவில் காட்டில் அழிந்தே போன அரபு ஓரிக்ஸ் மானை, பிடித்து வளர்த்துப் பெருக்கி அங்கே மறுபடி விட்டிருக்கிறார்கள், பிள்ளைகளுக்கு ஒட்டகச் சவாரியைவிட அதுதான் பிடித்தது. இன்னும் தூரமாகப் போகக்கூடியவர்கள் அபுதாபியின் லிவாவுக்கோ, மஸ்கட்டிலிருந்து ஏறத்தாழ மூன்று மணி நேர ஓட்டத்தில் இருக்கும் ஓமானின் ஷர்கியா மணற்பரப்புக்கோ போகலாம்.

ஜீப்பைப் பற்றியும் சொல்ல வேண்டும். மணலில் புதையாமல் இருக்க ரயர்க் காற்றைப் பாதியளவுக்கு இறக்கிவிட்டு, மேட்டு உச்சியிலிருந்து பக்கவாட்டில் சறுக்கிக்கொண்டு ஓட்டுவார்கள். இளசுகளுக்குக் கொண்டாட்டம். முதுகு வலிக்காரருக்கும் கர்ப்பிணிகளுக்கும் சின்னப் பிள்ளைகளுக்கும் அது ஆகாது. எங்களுக்கு முன்பதிவு செய்து தந்தவர் "கைக்குழந்தை என்றாலும் பிரச்சினை இல்லை" என்று தொலைபேசியில் அடித்துச் சொன்னார். அங்கே போனதும் கையெழுத்து வாங்கிய படிவத்தில் அதற்கு நேர்மாறாக அச்சடித்திருந்தது. மாமி உறுதியாக இறங்கிவிட்டார், பிறகு சமதரைப் பாதையால் வேறு வாகனத்தில் முகாமுக்குக் கொண்டுபோனார்கள். கேட்டால் தருகிறார்கள், கேட்காவிட்டால் யாரும் சொல்வதில்லை.

சொகுசு என்ற சொல்லை நம்பிக் காசு கட்டாதீர்கள். கழிப்பறை கூடாரத்தோடு சேர்ந்ததா, இல்லை இருட்டில் மணலில் நடந்து பொதுக் கழிப்பறைக்குப் போக வேண்டுமா? ஜெனரேட்டர் இரவு முழுக்க ஓடுமா? ஆஸ்துமாவுக்கு மின்சாரத்தில் ஓடும் நெபுலைசர் வைத்திருப்பவர்களுக்கு இது விளையாட்டுக் கேள்வி இல்லை. வெள்ளிக்கிழமை மரக்கறி மட்டும் சாப்பிடுகிற வீடென்றால் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் ஹம்முசும் ரொட்டியும் சலாதும்தான். காலையில் சப்பாத்தைத் தட்டிவிட்டுப் போடுங்கள், தேள் இருக்கும்.

பருத்தித்துறைக்காரரான என் மாமனார் "மணல் பார்க்கவா இவ்வளவு செலவு, நம் ஊர்ப் பக்கத்து மணற்காட்டில் இல்லாத மணலா?" என்று இன்னும் கேட்டுக்கொண்டிருக்கிறார். அங்கே மணலை அள்ளிக்கொண்டு போகிறவர்களே போதும், கூடாரம் அடிக்கும் யோசனையை யாருக்கும் கொடுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

உங்களிடம் ஒரு வேண்டுகோள். இத்தகைய பயணத் திட்டங்களைப் பற்றி இனி எழுதும்போது எந்த மாதம், கழிப்பறை எங்கே, பிள்ளைகளுக்கு எத்தனை வயதிலிருந்து ஜீப்பில் இடம் என்ற மூன்றையும் முகவரிடம் கேட்டுச் சேர்த்துப் போடுங்கள். பதில் தராத முகவரின் விளம்பரத்தைப் போடுவதா இல்லையா என்பது உங்கள் பாடு.

இப்படிக்கு,
வாசகி ஒருவர்,
வெள்ளவத்தை, கொழும்பு 06.