மாதம் ஒரு தாள்: சபை மூப்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்பான மூப்பர்களுக்கும் சபைக் குழுவினருக்கும்,

கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள்.

படை முகாமில் போதகராக இருக்கும் எனக்குச் சபையின் மாத மடலை இனி அனுப்புவதில்லை என்று குழு முடிவெடுத்த செய்தி போன வாரம் வந்து சேர்ந்தது. மூன்று மடல்களுக்குப் பதில் இல்லை, போதகருக்கு நேரமில்லை போலிருக்கிறது என்று காரணமும் எழுதியிருந்தீர்கள். அந்த முடிவைத் தயவுசெய்து திரும்பப் பெறுங்கள். அதைக் கேட்கத்தான் எழுதுகிறேன். இப்படி ஒரு முடிவு நடந்ததே சபையில் பலருக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அதனால்தான் இதை எல்லோரும் படிக்கும்படி எழுதுகிறேன்.

ஏன் பதில் போடவில்லை என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். முகாமில் ஒருவர் இறந்துவிட்டால் இணையத்தையும் தொலைபேசியையும் நிறுத்திவிடுவார்கள். இறந்தவரின் வீட்டுக்கு ஆள் போய் முறைப்படி சொல்லும்வரை நாங்கள் யாரும் வெளியே பேச முடியாது. மகன் போன செய்தியை ஒரு தாய் யாரோ போட்ட பதிவில் பார்க்கக் கூடாது அல்லவா? அந்த விதியில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. உங்கள் மூன்று மடல்கள் வந்த காலத்தில் எங்களுக்கு அப்படி இரண்டு முறை நடந்தது. உடலை வழியனுப்பும் ஜெபமும் நினைவு ஆராதனையும் என் பொறுப்பு. அப்புறம் தூக்கம் வராமல் கிடக்கிறவர்களோடு விடியும்வரை உட்கார்ந்திருக்க வேண்டும். தொடர்பு திரும்பி வந்த பிறகும் நான் என்ன எழுத முடியும்? எங்கே இருக்கிறோம், எப்போது நகர்வோம் என்று எழுதக் கூடாது. வீரர்கள் என்னிடம் மனம்விட்டுச் சொன்னது என்னோடு நிற்க வேண்டும். மிஞ்சுவது "நலமாக இருக்கிறேன், ஜெபித்துக்கொள்ளுங்கள்" என்ற ஒரு வரி. அதை நீங்கள் அக்கறையின்மை என்று எடுத்துக்கொண்டது எனக்கு வலித்தது.

இனி டீச்சரம்மாவைப் பற்றி.

ஞாயிறு பள்ளியில் எனக்கு முதல் வசனம் சொல்லிக்கொடுத்தவர் அவர். எனக்குப் பெற்றோர் இல்லை, மணமும் ஆகவில்லை. குடும்பம் என்றால் எனக்குச் சபைதான், சபையில் முதல் ஆள் டீச்சரம்மா. கண் அறுவைக்குப் பிறகு எழுத்து பெரிதாகிவிட்டது, ஒரு பக்கத்தில் பத்து வரிதான் பிடிக்கும். ஆனாலும் எழுதுவார். மழையில் பின்வரிசைக் கூரை ஒழுகுகிறது, பாடகர் குழுவில் யாருக்குத் தொண்டை கட்டியிருக்கிறது, எல்லாம் அதில் இருக்கும். ஒரு கட்டத்தில் கடிதம் நின்றது. தபால் தாமதம் என்று நினைத்து, முழங்கால் வலி எப்படி இருக்கிறது என்று கேட்டு நான் இரண்டு கடிதம் போட்டேன். ஏழு வாரம் கழித்து நம் வாலிபர் ஒருவர் வேறு விஷயமாக எழுதிய கடிதத்தில் ஒரு வரி: டீச்சரம்மா வீட்டைப் பூட்டிவிட்டார்கள், அந்தப் பக்கம் போகவே கஷ்டமாக இருக்கிறது. டீச்சரம்மா இறந்துபோனது அப்படித்தான் எனக்குத் தெரியவந்தது.

இங்கே ஒரு வீரரின் வீட்டில் மரணம் என்றால் பெரும்பாலும் நான்தான் போய்ச் சொல்கிறேன். தனியாக அழைத்துப் போய், உட்காரவைத்து, சுற்றி வளைக்காமல் சொல்ல வேண்டும். சொல்லிவிட்டு எழுந்து வந்துவிடக் கூடாது. எனக்கு அதைச் செய்ய இங்கே யாருக்கும் தெரியாது, ஏனென்றால் செய்தியே வரவில்லை. என்னோடு ஓர் இளம் வீரர் உதவியாளராக இருக்கிறார். நான் ஆயுதம் ஏந்துவதில்லை, எனக்குப் பாதுகாப்பு அவர்தான். என் முகத்தைப் பார்த்துவிட்டு ஒன்றும் கேட்காமல் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார். அன்று மாலை ஆராதனை இருந்தது, நடத்தினேன்.

மூப்பர்களே, அடக்க ஆராதனைக்கு எத்தனை பேர் வந்திருப்பீர்கள்! ஒருவருக்குக்கூட எனக்கு எழுதத் தோன்றவில்லையா?

அப்போஸ்தலன் பவுல் சிறையில் இருந்தபோது பிலிப்பி ஊர்ச் சபை எப்பாப்பிரோதீத்து என்ற சகோதரனை உதவியோடு அனுப்பியது. அவன் அங்கே சாகும் நிலைக்கு வந்துவிட்டான். அந்தச் செய்தி பிலிப்பிக்குப் போய்விட்டது. சபை கேள்விப்பட்டதை அறிந்து அவன் வருந்தினான் என்று பவுலே எழுதுகிறார். ஆள் நடந்தோ கப்பலேறியோதான் செய்தி போக வேண்டிய காலம் அது. அப்போதே இரண்டு பக்கமும் சேதி போய் வந்திருக்கிறது.

பிப்ரவரி வந்தால் நம் பிரசங்க மேடையில் டார்செஸ்டர் என்ற அமெரிக்கப் படைக்கப்பலைப் பற்றிச் சொல்கிறோம். 1943 பிப்ரவரி 3 அன்று கப்பல் மூழ்கும்போது நான்கு சாப்ளின்கள், அதாவது என்னைப்போலப் படையோடு இருந்த குருமார், தங்கள் மிதவை அங்கிகளைக் கழற்றி மற்றவர்களுக்குக் கொடுத்துவிட்டு மாண்டார்கள். கேட்டு நாம் அழுகிறோம், அழ வேண்டியதுதான். ஆனால் அந்த அழுகை உயிரோடிருக்கிற ஒரு சாப்ளினுக்கு ஒரு தாள் எழுதும்வரை வரவில்லையே. படையில் இருக்கும் பிள்ளைகளை வருஷத்துக்கு ஒரு நாள் எழுந்து நிற்கச் சொல்லிக் கைதட்டுகிறோம். மறுநாள் அவர்கள் மனைவிமார் தனியாகப் பிள்ளைகளைப் பார்த்துக்கொள்வதை யார் போய்க் கேட்கிறோம்? எனக்கு இதைச் சொல்ல உரிமை உண்டு என்று நம்புகிறேன். நம் திருச்சபை ஒப்புக்கொண்டு அனுப்பியதால்தான் நான் இந்தப் பணியில் இருக்கிறேன். நானாக ஓடி வந்துவிடவில்லை.

கொஞ்சம் கடுமையாகிவிட்டது, மன்னியுங்கள். கேட்க வந்ததைக் கேட்கிறேன்.

மாதம் ஒரு தாள். யார் பிறந்தார்கள், யார் படுக்கையில் இருக்கிறார்கள், யார் போய்விட்டார்கள் என்று இருந்தால் போதும். நான் பதில் போடாவிட்டாலும் அனுப்புங்கள். பதில் வராத மாதம்தான் எனக்கு அது அதிகம் தேவைப்படும். எழுதும் பொறுப்பை ஒரே ஒருவரிடம் கொடுங்கள். எல்லோரும் எழுதுவோம் என்றால் யாரும் எழுதமாட்டோம், நம் சபையை எனக்குத் தெரியும்.

இன்னொன்று. ஆராதனையை இப்போது நேரலையில் மட்டும் காட்டுகிறீர்கள். அந்த நேரம் இங்கே நள்ளிரவு தாண்டிவிடும். படம் வரும் அளவுக்கு இணையமும் இருக்காது. நாற்பது நிமிஷப் பிரசங்கத்தை ஒலியாக மட்டும், தரத்தைக் குறைத்துச் சேமித்தால் 10 எம்பிக்குள் அடங்கும். அதை அனுப்பினால் இரவில் இறக்கிக்கொள்வேன். முன்பு வந்தபோது நான் மட்டும் கேட்கவில்லை, நாலைந்து பேர் கூடாரத்துக்கு வருவார்கள். நம் சபைப் பிள்ளைகளின் இருமல் சத்தம்கூட அவர்களுக்குப் பழகிவிட்டது. இப்போது ஏன் வருவதில்லை என்று என்னிடம் கேட்கிறார்கள்.

அடுத்த கூட்டத்தில் இதை எடுத்துப் பேசி, மாத மடலைத் திரும்பத் தொடங்கும்படி பணிவாகக் கேட்டுக்கொள்கிறேன். முதல் தாளில், டீச்சரம்மாவை அடக்கம் செய்த அன்று என்னென்ன பாட்டுப் பாடினீர்கள் என்று எழுதுங்கள்.

கர்த்தருக்குள் உங்கள் சகோதரன்,
படையோடு இருக்கும் உங்கள் போதகர்