ஏற்காட்டுச் சிறு தோட்ட விவசாயிகள் சங்கம்: 2024–25ஆம் ஆண்டுச் செயலாளர் அறிக்கை

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களே, செயற்குழுவினரே, மலைமேலிருந்தும் அடிவாரத்திலிருந்தும் வந்திருக்கும் உறுப்பினர்களே, அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் முடிய உள்ள காலத்துக்கான செயலாளர் அறிக்கையைப் பொதுக்குழுவின் பார்வைக்கு வைக்கிறேன். வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே வாசிக்க இருப்பதால், இவ்வறிக்கை விளைச்சலையும் விற்பனையையும் மட்டுமே பேசுகிறது.

இந்த ஆண்டு காபிக்குக் கிடைத்த விலையை நம்மில் பெரும்பாலோர் இதற்கு முன் கண்டதில்லை. 2025 பிப்ரவரியில் நியூயார்க் சந்தையில் அரபிகா வகைக் காபி, பவுண்டுக்கு 4 டாலரைக் கடந்தது. விலை ஏறத் தொடங்கியதுமே உறுப்பினர்கள் பலர் செயற்குழுவிடம் கேட்டது ஒரே கேள்விதான்: காய்ப்பு ஓய்ந்த ஆரஞ்சையும், இடத்தை அடைத்துக்கொண்டு நிற்கும் பலாவையும் எடுத்துவிட்டு, முழுக்கக் காபியாகவே வைத்துவிடலாமா? காய்க்காத ஆரஞ்சை எடுப்பதில் யாருக்கும் மறுப்பில்லை. ஆனால் அந்த இடத்தில் மீண்டும் காபியே வர வேண்டாம் என்றும், கையில் நாலு காசு மிஞ்சுகிற ஆண்டுதான் மிளகுக்கும் பட்டர் ஃப்ரூட்டுக்கும் (அவகாடோ) தேன் பெட்டிக்கும் செலவழிக்க ஏற்ற ஆண்டு என்றும் செயற்குழு ஒருமனதாகக் கருதியது. 2001, 2002 ஆண்டுகளில் உலகச் சந்தையில் காபி விலை அடியோடு சரிந்தபோது, பறிகூலிக்கே கட்டுப்படியாகாமல் பழத்தைச் செடியிலேயே விட்டுவிட்டவர்கள் இந்த அவையிலேயே அமர்ந்திருக்கிறார்கள். அன்று அந்தக் குடும்பங்களைக் காப்பாற்றியது மிளகும் பலாவும்தான் என்பதை அவர்களே சொல்லக் கேட்டிருக்கிறோம்.

விலை நன்றாக இருந்ததே தவிர, வானம் நமக்கு ஒத்துழைக்கவில்லை. 2024 ஏப்ரலில் சேலம் நகரம் கொதித்த வெயில் மலையையும் விட்டுவைக்கவில்லை. காபியைப் பூக்கவைக்கும் கோடை மழையான பூ மழை தள்ளிப்போன தோட்டங்களில் பூ ஒரே சீராகப் பூக்காமல் இரண்டு மூன்று தடவையாகப் பூத்ததால், பழமும் அவ்வாறே பழுத்து, ஒரே செடிக்குப் பறிப்பு ஆட்களைத் திரும்பத் திரும்ப அனுப்ப வேண்டியதாயிற்று. அதன்பின், பறிப்பு மும்முரமாக இருந்த நேரத்தில், நவம்பர் 30 அன்று புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் நம் மலைமீதும் கொட்டித் தீர்த்தது. மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. மண் களத்தில் காயப்போட்டிருந்த காபி ஊறிப் புளித்து நிறம் கெட்டது. செடியில் பழுத்திருந்தது வெடித்து உதிர்ந்தது. சிமெண்ட் களமும் தார்ப்பாயும் வைத்திருந்தவர்கள் ஓரளவு தப்பினார்கள். காபியை மட்டும் நம்பியவருக்கு ஓர் ஆண்டு வருமானத்தின் பெரும்பகுதி அந்த ஒரு வாரத்தில் தொங்கிக்கொண்டிருந்தது. மிளகுக் கொடியும் வைத்திருந்தவர்கள் மாசியிலும் பங்குனியிலும் அதைப் பறித்து நட்டத்தில் ஒரு பகுதியை ஈடுகட்டினார்கள்.

நம் தோட்டங்களில் பெரும்பாலானவை இரண்டு, மூன்று ஏக்கருக்கு மேற்படாதவை. இந்த அளவு நிலத்தில், ஒரே பயிரின் விளைச்சலை எவ்வளவு கூட்டினாலும் குடும்பம் நிமிர்ந்துவிடாது. கார்த்திகை முதல் தை வரை காபி, மாசி முதல் சித்திரை வரை மிளகு, வைகாசி ஆனியில் பலா, ஆடி ஆவணியில் பட்டர் ஃப்ரூட் என்று ஆண்டின் பெரும்பகுதியும் ஏதாவது ஒன்று வீட்டுக்கு வந்துகொண்டிருந்தால், பறிப்புக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கி, அவர் சொல்லும் விலைக்கே பழத்தைக் கொடுக்க வேண்டிய நிலை வராது. வட்டி என்று அவர் எழுதாவிட்டாலும், கிலோவுக்குக் குறையும் அந்த ரூபாய்கள் வட்டியேதான். நிழல் மரத்தின் தண்டில் மிளகு, அதன் அடியில் காபி, வேலியோரம் பழமரம் என்று ஒரே நிலத்தை மூன்று அடுக்காகப் பயன்படுத்துவது நம் மலைக்குப் புதியதன்று. 19ஆம் நூற்றாண்டில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இங்கே காபியைக் கொண்டுவந்த காலந்தொட்டு, இந்தச் செடி நிழலில்தான் வளர்ந்து வந்திருக்கிறது.

நிழலைப் பற்றி இங்கே சற்று விரிவாகச் சொல்வது அவசியம். விளைச்சல் கூடும் என்று நிழலை அதிகமாகக் கழித்த தோட்டங்களில் வெள்ளைத் தண்டு துளைப்பான் என்னும் வண்டின் தாக்குதல் இவ்வாண்டு கடுமையாக இருந்தது. வெயில் படும் தண்டையே இந்த வண்டு தேடி வரும்; பட்டையின் வெடிப்புகளில் முட்டையிடும்; புழு உள்ளே குடைந்து செல்லும் வழியில், வெளிப்பட்டைமேல் நரம்பு புடைத்தாற்போல் வரிவரியாகத் தடிப்புத் தெரியும். செடியைப் பிடித்து வளைத்தால் தண்டு அந்த இடத்தில் மளுக்கென்று முறியும். அதன்பின் மருந்தடித்து எந்தப் பயனும் இல்லை. வண்டு பறக்கும் பருவங்களான ஏப்ரல்–மே, அக்டோபர்–டிசம்பர் ஆகியவற்றுக்கு முன்பாகவே, அதாவது மார்ச்சிலும் செப்டம்பரிலும், தடிப்புள்ள செடிகளை வேரோடு பிடுங்கி எரித்துவிட வேண்டும். மற்ற செடிகளின் உதிர்பட்டையைத் தேங்காய் நாரால் தேய்த்தெடுத்து, 10 சதவீதச் சுண்ணாம்புக் கரைசலைத் தண்டில் பூச வேண்டும். காபி வாரியத்தின் இந்தப் பரிந்துரை நாம் எல்லோரும் அறிந்ததே. ஆனால் ஒருவர் பிடுங்கி எரித்து, பக்கத்துத் தோட்டக்காரர் அப்படியே விட்டுவிட்டால் இருவருக்கும் பயனில்லை என்பதால், வரும் செப்டம்பரில் ஊர் ஊராக ஒரே வாரத்தில் இந்த வேலையை முடிப்பதெனச் செயற்குழு தீர்மானித்திருக்கிறது.

நிழலுக்கு எல்லா இடத்திலும் சில்வர் ஓக் ஒன்றையே வைப்பதையும் செயற்குழு ஊக்குவிக்கவில்லை. நேராக வளர்கிறது, மிளகு ஏற ஏதுவானது, தடிக்கு விலை இருக்கிறது என்பதெல்லாம் உண்மையே. ஆனால் அதன் இலை மட்குவதற்கு நெடுநாள் ஆகும். பலா, அத்தி, முள்முருங்கை கலந்து நிற்கும் தோட்டத்தின் மண்ணைக் கையில் அள்ளிப் பார்த்தாலே வித்தியாசம் புரியும். முள்முருங்கை நிழலோடு தழைச்சத்தையும் தருகிறது என்பது கூடுதல் ஆதாயம்.

இனி விற்பனை. 1990களின் தொடக்கம் வரை, விளைந்த காபியைக் காபி வாரியமே மொத்தமாகச் சேர்த்து விற்கும் பொதுத் தொகுப்புக்குத்தான் கொடுத்துவந்தோம். அதன்பின் விற்கும் உரிமை படிப்படியாக முழுவதும் நம் கைக்கு வந்தது, அதைக் கணக்குப் பார்த்துப் பயன்படுத்தத்தான் இன்னும் முழுமையாகப் பழகவில்லை. செடியிலிருந்து பறித்த அரபிகாப் பழம் ஏறத்தாழ 5 கிலோ சேர்ந்தால் காய்ந்த பார்ச்மென்ட் (பழத்தோல் நீக்கிக் கழுவிக் காயவைத்த, உள்ளோடு நீக்காத கொட்டை) 1 கிலோ கிடைக்கும். உள்ளோடும் நீக்கிப் பருப்பாக எடுத்தால் 6 கிலோ பழத்துக்கு 1 கிலோ. ஆகவே வியாபாரி பழத்துக்கு ஒரு விலை சொன்னால், அதை ஐந்தால் பெருக்கி, தோல் நீக்கிக் கழுவிக் காயவைக்கும் செலவைக் கூட்டி, அன்றைய பார்ச்மென்ட் விலையோடு ஒப்பிட்டுப் பார்த்த பிறகே தலையசைக்க வேண்டும். இவ்வாண்டு சங்கத்தின் பொதுக் களத்தையும் பழத்தோல் நீக்கும் பல்பர் இயந்திரத்தையும் பயன்படுத்தியவர்கள் இந்தக் கணக்கைப் போட்டுப் பார்த்தே வந்தார்கள். அப்படிப் பார்த்த பின்னரும் பழமாக விற்பதே மேல் என்று சிலர் முடிவெடுத்தார்கள். ஆள் பற்றாக்குறையும் புயல் நேரமும் அதற்குக் காரணம், அதில் குறை காண ஏதுமில்லை. களத்திலிருந்து எடுத்துச் செல்லும் தார்ப்பாய்களை ஈரத்தோடு மடித்துத் திருப்பித் தருவதை மட்டும் உறுப்பினர்கள் கைவிட்டால், களப் பொறுப்பாளர் நிம்மதியாக இருப்பார். பல்பரிலிருந்து வெளியேறும் பழத்தோலையும் கழுவிய நீரையும் ஓடையில் விடக்கூடாது என்ற விதியில் இனித் தளர்வு இல்லை. தோல் முழுவதும் சாணத்தோடு மட்கவைக்கப்பட்டு, உரமாகப் பகிர்ந்தளிக்கப்படும்.

மிளகில் சிறியதொரு பழக்கம் நல்ல பலன் தந்தது. உதிர்த்த பச்சை மிளகைக் கூடையோடு ஒரு நிமிடம் கொதிநீரில் முக்கியெடுத்துக் காயவைத்தால், விரைவில் காய்வதோடு, மணிகள் ஒரே கருமையாக வருகின்றன, அழுக்கும் நீங்குகிறது. பச்சை 3 கிலோவுக்குக் காய்ந்தது 1 கிலோ என்ற கணக்கு மாறப்போவதில்லை. ஆனால் சேலம் லீ பஜார் சந்தைக்குக் கொண்டுசென்ற சரக்குக்குக் கழிவு சொல்லி விலையைக் குறைப்பது இவ்வாண்டு குறைந்தது. வாடல் நோய் இரண்டு மூன்று தோட்டங்களில் கொடிகளைச் சாய்த்திருக்கிறது. மயில்துத்தம் (காப்பர் சல்ஃபேட்) 1 கிலோ, சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர் என்ற அளவில் பூஞ்சையைத் தடுக்கும் போர்டோ கலவையைத் தென்மேற்குப் பருவமழைக்கு முன்பே தெளிப்பதையும், டிரைக்கோடெர்மா என்னும் நன்மை செய்யும் பூஞ்சையைத் தொழுவுரத்தில் பெருக்கி வேர்ப்பகுதியில் இடுவதையும் உறுப்பினர்கள் தள்ளிப்போடாதிருக்க வேண்டுகிறேன்.

அடிவாரத்து உறுப்பினர்களைப் பொறுத்தவரை, மரவள்ளியே முதன்மைப் பயிர். 2020இல் இந்தியாவுக்குள் வந்த மரவள்ளி மாவுப்பூச்சியை அடக்க, 2022இல் ஏத்தாப்பூர் ஆராய்ச்சி நிலையத்தில் அனகைரஸ் லோபெசி என்னும் ஒட்டுண்ணிக் குளவி விடப்பட்டது. அந்தக் குளவி நிலைத்திருக்க வேண்டுமானால், கண்டதற்கெல்லாம் பூச்சிக்கொல்லி அடிப்பதை நிறுத்தியாக வேண்டும். நட்ட முதல் மூன்று மாதம் செடி விரிவதற்குள் சின்ன வெங்காயம் அல்லது உளுந்து எடுத்தவர்கள், கிழங்கு விற்பதற்கு முன்பே நடவுச் செலவைத் தேற்றிக்கொண்டார்கள். ஆலைக்காரர் கிழங்கின் மாவுச்சத்து அளவை (புள்ளி) பார்த்து விலை போடுவதால், அவசரத் தேவைக்காக முற்றாத கிழங்கைப் பிடுங்குவதில் நட்டம் இரட்டிப்பு; ஊடுபயிர் வருமானம் அந்த அவசரத்தையே தவிர்க்கிறது. சேலம் கருப்பு ஆடும் மேச்சேரிச் செம்மறியும் வளர்ப்போர் நம்மிடையே இருக்கிறார்கள். ஆட்டு எருவை மலைத்தோட்டங்களுக்கு வாங்கிக்கொடுக்கும் ஏற்பாடு தொடங்கியிருக்கிறது. வண்டி வாடகையைக் குறித்த பேச்சு முடிந்தால் அது நிலைபெறும்.

இயற்கைச் சான்றிதழ் பற்றிப் பலரும் கேட்கிறார்கள். தனி ஆளாகச் சான்று பெறும் செலவு சிறு தோட்டத்துக்குத் தாங்காது. குறைந்தது ஐந்து விவசாயிகள் ஒரு குழுவாகச் சேர்ந்து, ஒருவர் தோட்டத்தை மற்றவர் பார்வையிட்டு உறுதிசெய்யும் பங்கேற்பு உத்தரவாத முறையே நமக்குப் பொருத்தம். ஆனால் அது உள்நாட்டு விற்பனைக்கே உதவும். வெளிநாடு செல்லும் காபிக்கு இன்னொரு நிபந்தனையும் வருகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2023இல் இயற்றிய சட்டப்படி, 2020 டிசம்பர் 31க்குப் பிறகு காடழித்த நிலத்தில் விளைந்த காபியை அங்கே விற்க முடியாது. தோட்டத்தின் இருப்பிடக் குறியீட்டையும் (அட்சரேகை, தீர்க்கரேகை) தந்தாக வேண்டும். 4 ஹெக்டேருக்குட்பட்ட நிலத்துக்கு ஒரே ஒரு புள்ளியின் குறியீடு போதும் என்பதால் நமக்கு இது பெரிய சுமையன்று. நடைமுறைத் தேதி தள்ளிப்போகிறது என்று இருந்துவிடாமல், பட்டா நகலோடு வந்து பதிவு செய்துகொள்வது நல்லது.

காட்டுமாடு புகுந்து இளங்கன்றுகளை மிதித்த தோட்டங்கள் குறித்த மனுக்கள் உரிய துறையிடம் அளிக்கப்பட்டுள்ளன. பதில் இன்னும் வரவில்லை. செயற்குழுக் கூட்டங்கள் விதிப்படி நடைபெற்றன. நடவடிக்கைக் குறிப்பேடு பார்வைக்கு உள்ளது.

வரும் ஆண்டுக்கென மூன்று முன்மொழிவுகளைப் பொதுக்குழு பரிசீலிக்க வேண்டும். புதிதாகக் காபி நடவுக்குச் சங்கக் கடன் கேட்போர், அதே நிலத்தில் வேறு இரண்டு வருமானப் பயிர்களையாவது வைத்திருக்க வேண்டும். பொதுக் களத்தின் ஒரு பகுதிக்கு மழைக்கு முன் மேற்கூரை போடப்பட வேண்டும். அதற்கான பங்குத்தொகையை நில அளவைப் பொறுத்து வசூலிக்கலாம். மிளகைத் தனித்தனியே விற்காமல், தரம் பிரித்து ஒரே சரக்காகச் செவ்வாய்பேட்டைக்கும் லீ பஜாருக்கும் அனுப்பி, எடைச் சீட்டின்படி பணத்தைப் பிரித்துக்கொள்ள வேண்டும். இம்மூன்றில் முதலாவதற்கு எதிர்ப்பு இருப்பதை நான் அறிவேன். மாற்றுக் கருத்துள்ளவர்கள் விவாதத்தின்போது தவறாது பேசுமாறு கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையை ஏற்றுக்கொள்ளும்படி பொதுக்குழுவை வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
செயலாளர்