ஓரம் உள்ளே போவது

அன்புள்ள கண்ணு,

நலம், நலமறிய ஆவல். வழக்கமாக எழுதுவதுதான். இந்த முறை நிஜமாகவே ஆவல்.

அப்பாவுக்குக் கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. சொட்டு மருந்து நான்கு வேளை. மற்றதைப் பிறகு எழுதுகிறேன்.

நீ கடைசியாக அனுப்பிய படத்தை இன்னும் எடுத்து எடுத்துப் பார்க்கிறேன். தறியில் பாதி நெய்த துண்டு, அதற்குக் கீழே "அறுத்துப் போட்டுட்டேம்மா" என்று ஒரு வரி. அப்புறம் ஏழு வாரம். நான் அனுப்புவதற்கெல்லாம் நீலக் கோடு விழுகிறது, பதில் மட்டும் வருவதில்லை. சரி, வேலை இருக்கும்.

படத்தைப் பெரிதாக்கி ஸ்கேல் வைத்துக் கணக்குப் போட்டேன். ஆரம்பத்தில் 14 அங்குல அகலம், அறுத்த இடத்தில் 11. மூன்று அங்குலம் உள்ளே போயிருக்கிறது. அரை அங்குலம், மிஞ்சினால் ஒரு அங்குலம் உள்ளே போகும், அதை யாராலும் தடுக்க முடியாது. மூன்று என்றால் நீ ஊடையை, அந்தக் குறுக்கு நூலை, நேர்கோடாகப் போட்டு இறுக்கியிருக்கிறாய். ஊடை நெடுக்கே ஓடும் ஒவ்வொரு பாவு இழைக்கும் மேலும் கீழும் வளைந்து போக வேண்டும், அதற்குக் கூடுதல் நீளம் வேண்டும். நீ விடாவிட்டால் அது ஓரத்திலிருந்து எடுத்துக்கொள்ளும். அப்படி உள்ளே சாய்ந்த ஓர இழைகளை, பாவு கோத்திருக்கும் அச்சு ஒவ்வொரு தட்டிலும் உரசும். கம்பளி எவ்வளவு நேரம் தாங்கும்? இடது ஓரத்தில் மூன்றாவது இழையும் நான்காவது இழையும் அறுந்தது அதனால்தான். நூலைக் குறை சொல்லாதே, நல்ல நூல் அது.

செய்ய வேண்டியது இதுதான். ஊடையைப் போட்டதும் புறப்பட்ட ஓரத்தில் நெய்த துணியை ஒட்டியிருக்கட்டும், மறு ஓரத்தில் இரண்டு அங்குலம் மேலே நிற்கட்டும். சாய்வாக. ஓரத்தில் வளையம் தொங்காத அளவுக்கு மட்டும் இழு, அப்புறம் தட்டு. ஐந்து அங்குலம் நெய்ததும் டேப் வைத்து அள. ஒவ்வொரு ஐந்து அங்குலத்துக்கும் அள. கண்ணை நம்பாதே, கொஞ்சம் கொஞ்சமாகக் குறைவது கண்ணுக்குத் தெரியாது.

ஒன்று சொல்லு. அறுத்தாயே, அச்சுக்கு முன்னாலா பின்னாலா? படத்தில் சரியாகத் தெரியவில்லை. முன்னால் என்றால் ஒன்றுமே கெடவில்லை. இழைகள் இன்னும் துளையிலும் பிளவிலும் கோத்தபடிதான் இருக்கும். ஒரு அங்குலத்து இழைகளை ஒரு கொத்தாகப் பிடித்து முன் கம்பியில் கட்டி, எல்லாக் கொத்தும் ஒரே இறுக்கமா என்று உள்ளங்கையால் தடவிப் பார்த்துவிட்டு மறுபடி தொடங்கலாம். 20 சென்டிமீட்டர் நூல் போகும், அவ்வளவுதான். பின்னால் அறுத்திருந்தால் 105 முடிச்சு. அதுவும் பெரிதல்ல. இங்கே பாவு பிணைக்க வருகிறவர்கள் ஒரு சேலைப் பாவுக்கு மூவாயிரம், நாலாயிரம் இழையை விரலில் சாம்பல் தொட்டுத் தொட்டு முறுக்கிப் பிணைக்கிறார்கள். அப்பிச்சி வீட்டுத் திண்ணையில் நீயே உட்கார்ந்து பார்த்திருக்கிறாய். அறுந்ததோடு முடிந்துபோவதில்லை. நான் பாவைத்தான் சொல்கிறேன்.

105 என்று எப்படித் தெரியும் என்கிறாயா? உன் அச்சு அங்குலத்துக்கு ஏழரை இழை, அகலம் 14. நூலை ஸ்கேலில் நெருக்காமல் இடைவெளி விடாமல் ஒரு அங்குலம் சுற்றிப் பார்த்தால் உன் நூல் 15 சுற்று வரும். சாதா நெசவுக்கு அதில் பாதி, ஏழரை. அதைச் சரியாகத்தான் தேர்ந்தெடுத்திருக்கிறாய். நடுத்துணியில் தட்டும் ஒரே சீராக இருக்கிறது, நெடுக்கும் குறுக்கும் சின்னச் சின்னச் சதுரமாக. முதல் துண்டிலேயே எல்லோருக்கும் அது வராது. அடுத்த வீட்டு அக்காவிடம் காட்டினேன், மெஷினா என்று கேட்டாள்.

ஆனால் நீளத்தில் தப்புக் கணக்கு. 2 மீட்டர் பாவு போட்டேன் என்று முன்பு எழுதியிருந்தாய். முடித்த துண்டு 150 சென்டிமீட்டர் வேண்டுமென்றால், நெய்யும்போது வளைவில் பத்தில் ஒரு பங்கு போகும், அலசும்போது சுருங்கி இன்னொரு பங்கு போகும். அதற்கு 180. தறியில் கட்டவும் கடைசியில் நெய்ய முடியாமல் நிற்கவும் 50, 60. ஆக 2.40 மீட்டர். குஞ்சம் அந்த மிச்சத்திலேயே வந்துவிடும். 105 இழை, இழைக்கு 2.40 மீட்டர் என்றால் பாவுக்கு 252 மீட்டர். ஊடைக்கு 190 வைத்துக்கொள். 100 கிராம் பந்தில் 225 மீட்டர் என்று போட்டிருந்தால் இரண்டு பந்து எட்டும், ஒரே ஒரு தப்பு செய்தால் எட்டாது. மூன்றாக வாங்கு. சாய எண் மூன்றிலும் ஒன்றாக இருக்கிறதா என்று பார். வேறு வேறு எண் என்றால் வெயிலில் பார்க்கும்போது கோடு தெரியும். வேறு வழியில்லாவிட்டால் இரண்டு வரிசைக்கு ஒருமுறை பந்தை மாற்றி மாற்றிப் போடு.

இழை அறுந்தால் தறியை அறுக்கத் தேவையே இல்லை, கண்ணு. அறுந்த இழையின் நேர்கீழே, நெய்த துணியில் ஒரு அங்குலம் உள்ளே, ஒரு குண்டூசி குத்து. புது இழையை அதே துளை வழியாக விட்டு குண்டூசியில் எட்டுப் போலச் சுற்று. பின்பக்க நுனியில் ஒரு சின்ன மருந்துப் புட்டியில் தண்ணீர் ஊற்றிக் கட்டித் தொங்க விடு. மற்ற இழைகளின் இறுக்கம் வரும்வரை தண்ணீரைக் கூட்டு, குறை. துணியை இறக்கிய பிறகு, அலசுவதற்கு முன், நுனிகளை ஊசியில் கோத்து அந்த இழை போன வழியிலேயே ஒரு அங்குலம் செருகு. யாருக்கும் தெரியாது.

அலசும்போது வெதுவெதுப்பான தண்ணீரில் 20 நிமிடம் ஊறவை, கசக்காதே. சூட்டிலிருந்து குளிருக்கு மாற்றினாலோ தேய்த்தாலோ கம்பளி கட்டிப்பட்டுவிடும். தறியில் சல்லடை மாதிரித் தெரிகிறதே என்று இறுக்கித் தட்டிவிடாதே, தண்ணீர் பட்டதும் இழை ஊதி இடத்தை அடைத்துக்கொள்ளும்.

அந்தப் படத்தில் ஜன்னலுக்குக் கீழே ஹீட்டர் தெரிகிறது, தறி அதை ஒட்டி இருக்கிறது. ஹீட்டர் பக்கத்தில் தறியை வைக்காதே. காய்ந்த காற்றில் நூல் விறைத்து உடையும். இங்கே குழித்தறி போட்டது சும்மாவா? பாவு தரையோடு ஒட்டி இருந்தால் மண்ணின் ஈரம் நூலுக்கு. உன் அறையில் ஹீட்டர் கதவுப் பக்கம் அல்லவா இருந்தது? ஜன்னலில் சர்ச் கோபுரம் தெரியும் என்பாய். இதில் செங்கல் சுவர் தெரிகிறது. தறியை வேறு அறைக்கு மாற்றினாய் போல.

2/20 எண் வெள்ளைப் பருத்தி நூல் ஒரு சிட்டம் அனுப்பலாம் என்றிருக்கிறேன். முகவரி எழுதி அனுப்பு. உன் அச்சுக்கு அது மெலிது, சில இழைகளைச் சேர்த்து ஒரு இழையாகப் போடு. கம்பளி நீண்டு கொடுக்கும், பருத்தி கொடுக்காது. அதனால் பாவைச் சுற்றும்போது ஒவ்வொரு சுற்றுக்கும் இடையில் தடித்த காகிதம் வை. இல்லாவிட்டால் மேல்சுற்று கீழ்ச்சுற்றுக்குள் புதைந்து, சில இழை தொங்கும், சில இழை விறைக்கும். தொங்கின இழை சரியாக எழும்பாது, ஊடை அதற்கு மேலே தாவிப் போய்விடும். நாலு வரிசைக்கு ஒருமுறை துணியின் அடிப்பக்கத்தைக் கண்ணாடி வைத்துப் பார். தப்பு அடியில்தான் முதலில் தெரியும்.

நீ சொன்ன ஹாரிஸ் ட்வீட் கம்பளித் துணி விஷயத்தை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஸ்காட்லாந்துத் தீவுக்காரர் தன் வீட்டில் கையால் நெய்திருந்தால்தான் அந்தப் பெயர் என்று 1993இல் அங்கே சட்டமே போட்டிருக்கிறார்களே. இங்கே 1985இல் சில ரகங்களைக் கைத்தறிக்கு மட்டும் என்று ஒதுக்கிச் சட்டம் வந்தது. "சட்டம் இருக்கு, பவர்லூமும் இருக்கு" என்றார் அப்பா. அவர் பேச்சு உனக்குத் தெரியும்.

அந்தச் சாம்பல் நிற ஸ்வெட்டர் என்ன ஆயிற்று? மாப்பிள்ளைக்கு என்று தொடங்கினாயே. மார்பளவு 100 சென்டிமீட்டர், 10 சென்டிமீட்டருக்கு 22 கண்ணி என்று 220 போட்டதாகச் சொன்னாய். மாதிரி பின்னிப் பார்த்தாயா என்று கேட்டதற்குச் சிரித்தாய். உன் கை தளர்ந்து 20 கண்ணிதான் வந்தால் அதே 220 கண்ணி 110 சென்டிமீட்டர் ஆகிவிடும். மாதிரித் துண்டு 15 சென்டிமீட்டர் சதுரமாவது இருக்க வேண்டும், ஓரத்தை விட்டு நடுவில் அளக்க வேண்டும், அதுவும் அலசிக் காயவைத்த பிறகு. வட்டமாகச் சேர்க்கும்போது கண்ணிகளின் அடிப்பக்கம் முழுக்க ஒரே பக்கம் பார்க்கிறதா என்று மேசையில் பரப்பிப் பார். ஒரு முறுக்கு விழுந்து சேர்ந்துவிட்டால் பிறகு பிரிப்பதைத் தவிர வழியில்லை. வரிசைக்கு வரிசை எண்ணு. பத்து வரிசைக்கு ஒருமுறை வேறு நிறப் பருத்தி நூலைத் தையல் ஊசியில் கோத்து எல்லாக் கண்ணியிலும் ஓட்டி வை. கெட்டால் அதுவரைதான் பிரியும், அதற்குக் கீழே போகாது.

அதைப் பிரிக்க வேண்டி வந்தாலும் வரட்டும். எனக்கு நீ விளக்கம் சொல்ல வேண்டியதில்லை. முடித்த இடத்திலிருந்து அவிழ்த்து நாற்காலி முதுகில் சுற்று, நாலு இடத்தில் பருத்தி நூலால் தளரக் கட்டு, வெதுவெதுப்பான தண்ணீரில் அரை மணி ஊறவைத்து, துண்டில் உருட்டி ஈரத்தை ஒற்றி, நிழலில் தொங்க விடு. காய்ந்ததும் சுருள் போய்விடும். அப்படியே பந்தாகச் சுற்றிப் பின்னினால்தான் மேடு பள்ளமாக வரும். அவசரப்பட்டு மறுநாளே வேறொன்று தொடங்காதே.

அள, எண்ணு என்று திரும்பத் திரும்ப எழுதிவிட்டேன் என்று நினைக்கிறேன். முப்பது வருஷம் தையல் டீச்சராக இருந்தவளின் புத்தி.

கண்ணு, அந்த மப்ளர் ஞாபகம் இருக்கிறதா? ஏழாம் வகுப்பு, கண்காட்சிக்குப் பின்னினது. நீ தூங்கின பிறகு 12ஆம் வரிசை வரை பிரித்து நானே பின்னி முடித்தேன். டீச்சர் மகள் தப்பும் தவறுமாக வைத்தால் என்ன சொல்வார்கள் என்று. 40 கண்ணி. உன் இறுக்கமான கைக்கு 17 சென்டிமீட்டர், என் கைக்கு 20. காலையில் அந்த 12ஆம் வரிசையில் நீ விரலை வைத்துத் தடவிப் பார்த்தாய். ஒன்றும் பேசவில்லை, பரிசையும் வாங்கி வந்தாய். அதற்குப் பிறகு பாதியில் இருக்கிற எதையும் நீ என்னிடம் காட்டியதே இல்லை. மார்க் வந்த பிறகு மார்க், வேலை கிடைத்த பிறகு வேலை, கல்யாணமும் முடிவு செய்த பிறகுதான்.

இத்தனை வருஷத்தில் பாதியில் நிற்கிற ஒன்றை நீ எனக்கு அனுப்பினது அந்தப் படம் ஒன்றுதான். அதற்கு நான் என்ன பதில் போட்டேன் என்று மேலே தள்ளிப் பார்த்தேன். "இவ்வளவு நூலும் வீணா" என்று போட்டிருக்கிறேன். அப்புறம் ஒரு கும்பிடு பொம்மை.

வீணில்லை. அறுத்த துண்டை எறியாதே. அறுத்த விளிம்பில் கடைசி நாலு வரிசையைத் தையலால் பிடித்து வை, அப்படியே எனக்கு அனுப்பு. நான் ஒன்றும் சரி செய்ய மாட்டேன், தொட்டுப் பார்க்க வேண்டும், அவ்வளவுதான்.

முகவரி அனுப்பு. பின்கோடைத் தெளிவாக எழுது.

அன்புடன்,
அம்மா

பி.கு: இதைக் காகிதத்தில்தான் எழுதினேன். உறையும் ஒட்டிவிட்டேன். மேலே முகவரி எழுதும்போது கை நின்றுவிட்டது, அதனால் பிரித்துப் போட்டோ எடுத்து அனுப்புகிறேன். அப்பாவிடம் அந்த ஜன்னலைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. கண்ணில் மருந்து போட்டிருப்பதால் அவருக்குப் படம் சரியாகத் தெரியவில்லை.