அடுக்குமாடிக் குடியிருப்புச் சங்கச் செயலாளர் ஆண்டறிக்கை 2024-25

தலைவருக்கும் வந்திருக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம். வராதவர்களுக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவேன், படிப்பார்களா என்பது வேறு விஷயம்.

சுதந்திர தினத்துக்குக் கொடி ஏற்றினோம். பொங்கல் விழா நடந்தது. சம்ப் கழுவியாயிற்று.

இனி மொட்டை மாடி. நவம்பர் கடைசியில் ஃபெஞ்சல் புயல் மழை விட்டு இரண்டு நாள் ஆகியும் லிஃப்ட் ரூம் ஓரம் தண்ணீர் தேங்கி நின்றதை, மேலே ஏறி வந்த சிலராவது பார்த்திருப்பீர்கள். மழைநீர்க் குழாய் இருப்பது கிழக்கு மூலையில். ஒரு வாளி தண்ணீரை ஊற்றினால் அது மேற்கே ஓடுகிறது. நடுவில் தட்டோட்டை, அதாவது தளத்தின் மேல் பதித்த சுட்ட மண் ஓட்டை, கம்பியால் தட்டிப் பார்த்தால் டொக் டொக் என்று பொள்ளல் சத்தம். அதற்கு நேர் கீழே, மூன்றாம் மாடி வீட்டு ஹாலில் சீலிங் பூச்சு பெயர்ந்து துருப்பிடித்த கம்பி தெரிகிறது.

என்ன போடலாம் என்று கேட்டதற்கு ஆளுக்கொரு யோசனை. கூல் டைல்ஸ், வாட்டர் ப்ரூஃப் பெயிண்ட், ஒருவர் செயற்கைப் புல் வரை போய்விட்டார். வாட்டம், அதாவது தண்ணீர் ஓடும் சரிவு, சரியில்லாத தளத்தில் எதை ஒட்டினாலும் தண்ணீர் அதே பள்ளத்தில்தான் நிற்கும், பெயிண்ட் அங்கேதான் முதலில் உரியும், புல்லுக்கு அடியில் ஈரம் காயவே காயாது. பழைய ஓட்டின் மேலேயே இன்னொரு தளம் போட்டால் செலவு மிச்சம் என்கிறார்கள். மூன்று அங்குல செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளம் சதுர அடிக்கு 12, 13 கிலோ கனம், ஆயிரம் சதுர அடிக்கு 12 டன்னுக்கு மேல். கம்பி துருப்பிடித்த கூரையில் அதை ஏற்ற நான் கையெழுத்துப் போட மாட்டேன்.

ஆகவே பழையதைக் கொத்தி எடுத்துவிட்டு, கம்பியைச் சரிசெய்து, புதிதாகச் செங்கல் ஜல்லி சுண்ணாம்புத் தளத்தைப் 10 அடிக்கு 2 அங்குல வாட்டத்தில் அடித்து இறுக்க வேண்டும். அப்புறம் மேலே தட்டோடா கூல் டைல்ஸா என்று பேசலாம். கூல் டைல்ஸ் சூட்டைக் குறைக்கும், மறுக்கவில்லை, ஆனால் மழையில் பாசி பிடித்தால் வழுக்கும். என் ஓட்டு தட்டோட்டுக்கு.

இதைப் பேசக் கூட்டம் போட்டால் வருவது அதே ஐந்தாறு பேர். "மேலே ஒழுகினால் எனக்கென்ன" என்று கேட்ட தரைத்தள உறுப்பினருக்கு: மொட்டை மாடி பொதுச்சொத்து, யு.டி.எஸ். (பிரிக்கப்படாத பங்கு) கணக்கில் உங்களுக்கும் பங்கு உண்டு. அங்கே வடாம் காயப்போடும்போது அது உங்களுக்கு நன்றாகவே நினைவிருக்கிறது.

வரவு செலவு ஏறக்குறைய சரிக்குச் சரி, விவரம் பொருளாளரிடம். சந்தா பாக்கி மட்டும் வந்தாலே பாதி வேலைக்குக் காணும். பாக்கி வைத்திருப்பவர்கள் பெயரைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் சொன்னதால் படிக்கவில்லை.

வாட்ச்மேன், பிளம்பர், பொருளாளர் எல்லோருக்கும் நன்றி.

வெயில் இருக்கும்போதே தளம் போட்டாக வேண்டும். மேஸ்திரி முன்பணம் கேட்கிறார், தாமதமானால் வேறு வேலைக்குப் போய்விடுவார். அடுத்த ஆண்டு செயலாளராக வேறு யார் வந்தாலும் சந்தோஷம்தான், மாடிச் சாவியை இன்றைக்கே தருகிறேன். இல்லை, நானே தொடர வேண்டும் என்றால் ரசீதுப் புத்தகம் வாசல் மேஜையில் இருக்கிறது.