என் 140 உதிரிபாகங்களின் பட்டியல் எங்கே?

வாடிக்கையாளர் சேவை மேலாளர் அவர்களுக்கு,

வணக்கம். இது நான் அனுப்பும் ஐந்தாவது மின்னஞ்சல். முதல் நான்குக்கும் "உங்கள் கருத்து எங்களுக்கு முக்கியம்" என்று ஒரே பதில்தான், அதுவும் அனுப்பிய அடுத்த நிமிடமே வந்தது. இதையாவது ஒரு மனுஷர் படிப்பார் என்று நம்புகிறேன்.

ஒன்பது வருடமாக பட்டறைக்கு உதிரிபாகம் உங்களிடம்தான் வாங்குகிறேன். திங்கட்கிழமை காலையில் உங்கள் இணையதளத்துக்குள் போனால் வலது ஓரத்தில் அந்தப் பச்சை பட்டன், உங்களுக்குத் தெரியாததா, அதை அழுத்தினால் நான் சேமித்து வைத்த 140 பாகங்களும் எண்ணோடு வந்து நிற்கும், டேப் விசையைத் தட்டித் தட்டியே பத்து நிமிடத்தில் ஆர்டரை முடித்துவிடுவேன். போன மாதம் நீங்கள் தளத்தைப் புதிதாக மாற்றிய பிறகு ஒரு திங்கட்கிழமை திறந்தால் திரை முழுக்க ஹெல்மெட் போட்ட ஒருவர் சிரித்துக்கொண்டிருக்கிறார். பட்டனும் இல்லை, பட்டியலும் இல்லை. பழைய கடவுச்சொல் செல்லாது. புக்மார்க் செய்து வைத்த பக்கமெல்லாம் 404, அதாவது "அப்படி ஒரு பக்கமே இல்லை".

உங்கள் உதவி எண்ணில் பேசிய அந்தத் தம்பியைப் பற்றிச் சொல்லியே ஆகவேண்டும். "கேஷ் கிளியர் பண்ணுங்க சார்" என்றார், பிரவுசர் சேமித்து வைத்த பழைய நகல்களை அழிக்க வேண்டுமாம். பண்ணிவிட்டேன். "வேற பிரவுசர்ல பாருங்க." பார்த்துவிட்டேன். "புதுசு எல்லாருக்கும் பிடிச்சிருக்கு, உங்களுக்கு மட்டும்தான் கஷ்டம், பழகிக்கோங்க" என்று சொல்லி வைத்துவிட்டார். நான் பழகிக்கொள்ள வேண்டுமாம்! அதற்கு முன்பே, அரை நாள் பட்டறையைப் பூட்டிவிட்டு உங்கள் அலுவலகத்துக்கே வந்தேன், அதைச் சொல்ல மறந்துவிட்டேன். வரவேற்பில் இருந்தவர் "எல்லாம் தளத்துலயே இருக்கு" என்று க்யூஆர் அட்டை ஒன்றை நீட்டினார். வாசலிலேயே நின்று ஸ்கேன் செய்தேன். அதுவும் 404.

சரி, புதியதிலேயே வாங்கலாம் என்று உட்கார்ந்தேன். பெட்டிக்குள் மங்கலாக எழுதியிருப்பது தட்ட ஆரம்பித்ததும் மறைந்துவிடுகிறது, எது பாக எண், எது எண்ணிக்கை என்றே தெரியவில்லை. 6206 என்ற எண்ணுள்ள பேரிங் இரண்டு கேட்கப் போய், கூடையில் ஆறாயிரத்து இருநூற்று ஆறு பேரிங் நிற்கிறது. கடைசி நொடியில் பார்த்தேனோ, பிழைத்தேனோ.

என் அண்ணன் மகளுக்கு இணையதள வேலைதான். பழைய முகவரிகளை 301 ("பக்கம் நிரந்தரமாக இடம் மாறிவிட்டது" என்று சொல்லும் குறியீடு) போட்டுப் புதியதற்குத் திருப்பியிருந்தாலே பாதித் தலைவலி போயிருக்கும், தேடுபொறிகளும் அதைப் பின்தொடர்ந்து வரும் என்கிறாள். கடவுச்சொல்லைக்கூட எல்லாரையும் மாற்றச் சொல்லியிருக்க வேண்டாமாம், பழைய ஹாஷை (கடவுச்சொல்லை உருமாற்றிச் சேமித்த வடிவம்) அப்படியே கொண்டுவந்து, ஆள் முதல்முறை உள்ளே வரும்போது புது முறைக்கு மாற்றிக்கொள்ளலாமாம். புதுத் தளத்தை முதலில் கொஞ்சம் பேருக்கு மட்டும் திறந்துவிட்டு, பழையதையும் கூடவே ஓடவிட்டிருக்கலாம். வலையை உண்டாக்கிய டிம் பெர்னர்ஸ் லீ, பக்கங்களின் முகவரியை மாற்றாதீர்கள் என்று 1998-லேயே எழுதிவிட்டார். நீங்கள் ஒரே ராத்திரியில் எல்லாவற்றையும் மாற்றிவிட்டீர்கள்.

இதனால் என் தொழிலே படுத்துவிட்டது. ஒன்பது வருடமாகச் சேர்த்த வாடிக்கையாளர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொள்கிறார்கள், இதற்கு யார் பதில் சொல்வது?

தயவுசெய்து அந்தப் பட்டியலை மட்டும் கொடுங்கள். பழைய டேட்டாபேஸில் நிச்சயம் இருக்கும், எக்செல் கோப்பாக அனுப்பினாலும் போதும், நன்றியோடு வாங்கிக்கொள்கிறேன். வெள்ளிக்கிழமைக்குள் வராவிட்டால் நுகர்வோர் நீதிமன்றத்துக்குப் போவேன், அழைப்புகளின் நேரம் உட்பட எல்லாம் எழுதி வைத்திருக்கிறேன். மறுபடியும் கேஷ் கிளியர் பண்ணச் சொல்லி மட்டும் பதில் போடாதீர்கள்.

இப்படிக்கு,
ஒன்பது வருட வாடிக்கையாளர்
(கணக்கு எண்ணும் பழைய தளத்தில்தான் இருக்கிறது)