கிண்டி பொறியியல் கல்லூரி முன்னாள் மாணவர்கள், திருச்சி வட்டாரம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், செயற்குழுவினருக்கும், பொதுக்குழுவுக்கு வந்திருக்கும் மூத்தோர் இளையோர் அனைவருக்கும் என் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான காலத்தில் நம் சங்கத்தின் பணிகள் குறித்த அறிக்கையை உங்கள் முன் வைக்கிறேன்.

செயற்குழு விதிப்படி காலாண்டுக்கு ஒருமுறை கூடியது. கோடைச் சந்திப்பு மே மாதத்தில் நடந்தது. செப்டம்பர் 15 அன்று பொறியாளர் நாளை முன்னிட்டு, அந்நாளில் பிறந்த பொறியாளர் விசுவேசுவரய்யாவின் படத்துக்கு மாலை அணிவிக்கப்பட்டு, பள்ளி மாணவர்களுக்குப் பேச்சுப் போட்டி நடத்தப்பட்டது. பொங்கல் குடும்ப விழா வழக்கம்போல் நடந்தேறியது. இவ்வாண்டு நம்மைவிட்டுப் பிரிந்த உறுப்பினர்களுக்கு இப்பொதுக்குழு எழுந்து நின்று அஞ்சலி செலுத்தும்படி கேட்டுக்கொள்கிறேன்.

இனி, சென்ற பொதுக்குழுவின் தீர்மானப்படி என் பொறுப்பில் விடப்பட்ட, உறுப்பினர்கள் எங்கே என்ன வேலை செய்தார்கள் என்பதைத் தொகுக்கும் பணி வரலாற்றுப் பதிவேட்டைப் பற்றிச் சற்று விரிவாகவே கூற வேண்டியுள்ளது. இப்பணிக்காகச் சங்கத்தின் நேரமும் தபால் செலவும் அளவுக்கு மீறிப் போகின்றன என்று செயற்குழுவிலேயே சிலர் கருத்துத் தெரிவித்ததால், அதன் நோக்கத்தையும் இதுவரை நடந்திருப்பதையும் எல்லோரும் அறிந்துகொள்வது நல்லது.

1794இல் சென்னைக் கோட்டையருகே எட்டு மாணவர்களுடன் நில அளவைப் பள்ளியாகத் தொடங்கி, 1859இல் பொறியியல் கல்லூரியாகி, 1920இல் கிண்டிக்கு இடம் மாறி, 1978இல் அண்ணா பல்கலைக்கழகத்தின் அங்கமான நம் கல்லூரியின் வரலாறு பல இடங்களில் எழுதப்பட்டிருக்கிறது. அங்கே படித்து வெளியேறியவர்கள் எங்கே போய் என்ன வேலை செய்தார்கள் என்பது அப்படி எழுதப்படவில்லை. புகழ்பெற்ற சிலரை மட்டும் எல்லோரும் அறிவார்கள். 1943இல் இயந்திரப் பொறியியலில் பட்டம் பெற்ற வர்கீஸ் குரியன் 1949இல் இன்றைய குஜராத்திலுள்ள ஆனந்த் நகருக்குப் போய்ப் பால் கூட்டுறவை வளர்த்ததும், 1958இல் சிவில் படித்து வெளிவந்த ராஜ் ரெட்டி செயற்கை நுண்ணறிவு ஆய்வுக்காக 1994இல் கணினித் துறையின் உயரிய விருதான டூரிங் விருது பெற்றதும் நாம் எழுதாவிட்டாலும் உலகம் எழுதும் செய்திகள்.

நான் எப்போதும் எடுத்துக்காட்டுவது ஏ. லலிதாவின் பணி வாழ்க்கையை. பதினெட்டு வயதில் கணவரை இழந்து, கைக்குழந்தையோடு நம் கல்லூரியில் மின்பொறியியல் படிக்க வந்தவர் அவர். ஜமால்பூர் ரயில்வே பணிமனையில் பயிற்சி பெற்றதும், பிறகு சிம்லாவில் அரசுப் பணியில் சேர்ந்ததும், 1948 முதல் கல்கத்தாவில் அசோசியேட்டட் எலெக்ட்ரிக்கல் இண்டஸ்ட்ரீஸ் (ஏ.இ.ஐ.) நிறுவனத்தில் மின்கடத்துப் பாதைகளை வடிவமைத்ததும், அவ்வேலையில் பக்ரா நங்கல் அணைத் திட்டமும் அடங்கியிருந்ததும், 1964இல் நியூயார்க்கில் நடந்த பெண் பொறியாளர்கள், விஞ்ஞானிகளின் முதல் உலக மாநாட்டுக்குப் போனதும் இன்று வரிசையாகக் கிடைக்கின்றன. அவருடன் 1943இல் பட்டம் பெற்ற பி.கே. தெரேசியா கொச்சி சமஸ்தானப் பொதுப்பணித் துறையில் கீழ்நிலையில் சேர்ந்து, 1971இல் கேரளத்தின் தலைமைப் பொறியாளரானார். எந்த ஆண்டில், எந்த ஊரில், எந்தப் பொறுப்பில், என்ன வேலை என்னும் விவரம் ஒன்றன்பின் ஒன்றாகக் கிடைப்பதால்தான் இவ்விருவரின் வாழ்க்கையும் இன்று படிக்கும் மாணவிகளுக்குப் பயன்படுகிறது. இதே விவரத்தை நம் வட்டாரத்து உறுப்பினர் ஒவ்வொருவரைப் பற்றியும் எழுதி வைப்பதுதான் பதிவேட்டின் நோக்கம்.

இந்த ஊரில் அதற்கான தேவை அதிகம். 1965இல் திருவெறும்பூரில் பாரத மிகுமின் நிறுவனத்தின் (பெல்) கொதிகலன் ஆலை வந்ததிலிருந்து நம் கல்லூரியிலிருந்து பயிற்சிப் பொறியாளராக வந்து இங்கேயே வீடு கட்டிக் குடியேறிய குடும்பங்கள் பல. பொன்மலை ரயில்வே பணிமனை, மின்வாரியம், நீர்வளத் துறை, நெடுஞ்சாலைத் துறை, துப்பாக்கித் தொழிற்சாலை என்று எங்கு பார்த்தாலும் நம்மவர்கள் இருக்கிறார்கள். ஆனால் அடுத்த துறையில் இருப்பவரை ஒருவருக்கொருவர் தெரியாது. பதிவேட்டுக்காக உறுப்பினர்களுக்கு அனுப்பிய படிவத்தில் படித்த ஆண்டு, பாடப்பிரிவு, முதல் வேலை, மாறுதல்கள், பதவி உயர்வுகள், ஓய்வுபெற்ற நாள் ஆகியவற்றோடு ‘நான் முக்கியமெனக் கருதும் வேலை’ என்று ஒரு கட்டமும் சேர்த்திருக்கிறோம். பலர் அந்தக் கட்டத்தைத்தான் வெறுமையாக விட்டுவிடுகிறார்கள். அதுதான் எனக்கு மிகவும் வேண்டிய கட்டம்.

அதன் பயனை விளக்க ஒரு நிகழ்ச்சியைக் குறிப்பிடுகிறேன். கண்காணிப்புப் பொறியாளராக ஓய்வுபெற்ற மூத்த உறுப்பினர் ஒருவர் தம் பணிப்பதிவேட்டின் நகலைத் துணிப்பையில் வைத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தார். ஓரங்கள் பழுப்பேறிய தாள்களில் ஆண்டு ஊதிய உயர்வும் ஈட்டிய விடுப்பும் நீல மையால் எழுதி முத்திரையிடப்பட்டிருந்தன. அவற்றில் ஒரு பக்கத்தில் விரலை வைத்து, இளம் பொறியாளராகத் திருச்சிக்கு அருகே காவிரியிலுள்ள முக்கொம்பு மேலணையில் பணியாற்றிய காலத்தை விவரித்தார். ஜூன் மாதத்தில் தண்ணீர் வருவதற்கு முன் மதகுக் கதவான ஷட்டர் ஒவ்வொன்றையும் ஏற்றி இறக்கிப் பார்த்ததையும், சங்கிலிக்கும் பல்சக்கரத்துக்கும் கிரீஸ் போட்டதையும், எந்த ஷட்டர் எந்த இடத்தில் முரண்டு பிடிக்கும் என்பதையும் எண்ணோடு சொன்னார். 2018 ஆகஸ்ட் 22 இரவு அந்த அணையின் கொள்ளிடம் பகுதியில் ஒன்பது மதகுகள் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டதைத் தொலைக்காட்சியில் கண்டபோது அன்றிரவு உறங்கவில்லை என்றார். அதற்குப் பிறகு அங்கே புதிய கதவணை கட்டப்பட்டபோது பணித்தளத்தில் இருந்த இளம் பொறியாளர் ஒருவரும் நம் சங்க உறுப்பினரே. ஒரே அணையில் ஒரு தலைமுறை இடைவெளியில் வேலை பார்த்த இருவரும் நம் பொங்கல் விழாவில் பக்கத்துப் பக்கத்துப் பந்தியில் உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறார்கள். பதிவேட்டில் இரு படிவங்களும் அடுத்தடுத்து வந்த பிறகே ஒருவரையொருவர் அறிந்தார்கள். இப்போது இருவரும் சேர்ந்து பழைய மதகுகளின் இயக்கத்தைப் பற்றி எழுதிவருகிறார்கள்.

2024 ஆகஸ்ட் தொடக்கத்தில் கொள்ளிடத்தில் வெள்ளம் பெருகி ஆற்றுக்குள் இருந்த உயரழுத்த மின்கோபுரம் சாய்ந்தபோது, மின்சாரத்தை மாற்றுப் பாதையில் கொண்டுசெல்லும் பணியில் இரவு பகலாக இருந்தவர்களுள் நம் உறுப்பினரும் ஒருவர். அவர் அதைப் பற்றி எழுதி அனுப்பவில்லை. அவருடைய மனைவி சொல்லித்தான் எனக்குத் தெரியும். கேட்டபோது, “பதவி உயர்வு வந்தால் சொல்கிறேன் சார், இது டியூட்டிதானே” என்றார். டியூட்டியைத்தான் எழுதச் சொல்கிறோம். பத்தாண்டு இடைவெளிக்குப் பின், பிள்ளைகள் வளர்ந்ததும், கட்டமைப்பு வடிவமைப்பு வேலைக்குத் திரும்பிய சகோதரியும் இப்படியே தயங்கினார். அவருடைய படிவத்தைப் படித்த இரு சகோதரிகள் இப்போது மீண்டும் வேலைக்கு விண்ணப்பித்திருக்கிறார்கள்.

இவ்வாண்டு பதிவேட்டில் ஏறிய செய்திகளுள், செயற்பொறியாளராகவும் பொது மேலாளராகவும் பதவி உயர்வு பெற்றவர்கள், இந்தியப் பொறியாளர் நிறுவனத்தின் ஃபெல்லோவாகத் தேர்வு பெற்றவர், முனைவர் பட்டம் பெற்ற ஆசிரியர்கள், பற்றவைப்புத் துறையில் காப்புரிமை பெற்றவர், சொந்தப் பட்டறை தொடங்கியவர், ஓய்வுபெற்றவர்கள் என யாவரும் உண்டு. அவர்கள் அனைவருக்கும் சங்கத்தின் பாராட்டுகள். இவ்வறிக்கை வெளியூர்களுக்கும் அனுப்பப்படுவதால் பெயர்களை இங்கே குறிப்பிடவில்லை. பதிவேடு மண்டபத்தின் நுழைவாயில் மேசையில் பார்வைக்கு வைக்கப்பட்டுள்ளது.

வாட்ஸ்அப் குழுவில் வாழ்த்துச் சொல்வது போதாதா என்ற கேள்விக்கும் பதில் சொல்லியாக வேண்டும். குழுவில் ஒருவருக்குப் பதவி உயர்வு என்றால் பூங்கொத்தும் கைதட்டலும் மதியத்துக்குள் குவிகின்றன. மாலையில் அந்தச் செய்தி காலை வணக்கப் படங்களுக்கும் மருத்துவக் குறிப்புகளுக்கும் அடியில் போய்விடுகிறது. கைபேசியை மாற்றினால் அதுவும் இல்லை. இறுதியாண்டு மாணவர் ஒருவர் கொதிகலன் குழாய்ப் பற்றவைப்பில் செய்முறைத் திட்டம் எடுத்து, வழிகாட்ட நம்மில் யாராவது உண்டா என்று கேட்டபோது, பதிவேட்டைப் புரட்டி ஒரே நாளில் மூவர் பெயரைக் கொடுக்க முடிந்தது. குழுவில் தேடியிருந்தால் அது நடந்திருக்காது.

வருத்தத்தோடு சொல்ல வேண்டியதும் உண்டு. அமெரிக்காவிலும் சிங்கப்பூரிலும் இருக்கும் நம் வட்டாரத்து உறுப்பினர்கள் படிவம் போன வாரத்திலேயே பூர்த்தி செய்து அனுப்பினார்கள். தில்லை நகரிலும் கே.கே. நகரிலும் கைலாசபுரத்திலும் இருப்பவர்களில் பாதிப்பேர் இன்னும் அனுப்பவில்லை. தபாலில் அனுப்பியும், தொலைபேசியில் நினைவூட்டியும், நேரில் சென்று கேட்டும், “அடுத்த வாரம் தருகிறேன்” என்ற பதிலே கிடைத்தது. மகன் திருமணத்துக்கு ஒருவர் விடாமல் அழைப்பிதழ் வைத்தவர்கள், தம் முப்பதாண்டுப் பணியைப் பற்றி ஒரு பக்கம் எழுத நேரமில்லை என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை. செயற்குழுக் கூட்டங்களுக்குக் கோரம் (கூட்டம் நடத்தத் தேவையான குறைந்தபட்ச வருகை) சேர்வதே சில முறை அரிதாயிற்று. பொறுப்பை விரும்பிக் கேட்டுப் பெற்றுக்கொண்டு ஆண்டு முழுவதும் வராதவர்கள், வேறொருவருக்கு அவ்விடத்தை விட்டுக்கொடுப்பதே முறையாகும்.

சந்தா நிலையும் இதைப் போன்றதே. இரண்டு மூன்று ஆண்டுகளாகச் சந்தா செலுத்தாத உறுப்பினர்களின் பட்டியல் நீண்டுகொண்டே போகிறது. வேலையில் சேர்ந்து ஓராண்டுகூட ஆகாத இளையோர் தாமாகவே செலுத்தியிருக்கையில், உயர் பதவிகளில் இருந்து ஓய்வுபெற்ற பெரியவர்கள் பாக்கி வைத்திருப்பது மனத்துக்கு நெருடலாக உள்ளது. பெயர்களைப் படிக்க வேண்டாம் என்று தலைவர் அவர்கள் கேட்டுக்கொண்டதால் படிக்கவில்லை.

தணிக்கை செய்யப்பட்ட வரவு செலவுக் கணக்கைப் பொருளாளர் தனியே சமர்ப்பிப்பார். சுருக்கமாக, விழாச் செலவு நன்கொடைகளால் ஈடுகட்டப்பட்டது. தபால், அச்சு, நகல் செலவு சென்ற ஆண்டைவிடக் கூடியிருக்கிறது. கையிருப்பு ஓரளவு குறைந்திருக்கிறது. வைப்புத் தொகையில் கைவைக்கவில்லை. கூடிய செலவு பெரும்பாலும் பதிவேட்டுக்கானது என்பது உண்மை. படிவங்கள் முதல் தடவையிலேயே திரும்பி வந்திருந்தால் அதில் பெரும்பகுதி நேர்ந்திருக்காது.

ஆண்டு முழுவதும் வழிநடத்திய தலைவர் அவர்களுக்கும், பொருளாளருக்கும், மண்டபம் கொடுத்து உதவியவர்களுக்கும், விழா விருந்தைப் பொறுப்பேற்று நடத்திய மகளிர் அணியினருக்கும், படிவங்களைக் கணினியில் ஏற்றிய 2019 பேட்ச் இளைஞர்கள் இருவருக்கும் சங்கத்தின் சார்பில் நன்றி.

வரும் ஆண்டில் பதிவேட்டை முழுமையாக்கி, தொகுத்து அச்சிட வேண்டும். அறுபதுகளில் படித்தவர்களின் நினைவுகளை முதலில் பதிவுசெய்தாக வேண்டும். அவர்கள் பலருக்கு இப்போது எழுதக் கை ஒத்துழைப்பதில்லை, சொல்லச் சொல்ல எழுதிக்கொள்ள இளையவர்கள் வேண்டும். இவ்வேலையைச் செயலாளர் ஒருவரே சுமப்பது இனி இயலாது. உடல்நிலையையும் குடும்பச் சூழ்நிலையையும் கருதி, பொறுப்பிலிருந்து விடுவிக்குமாறு தலைவரிடம் கேட்டிருக்கிறேன். பதிவேட்டைத் தொடர்ந்து நடத்த முன்வரும் ஒருவர் செயலாளரானால், அவருக்குத் துணையாக நின்று எல்லாக் கோப்புகளையும் ஒப்படைக்கச் சித்தமாக இருக்கிறேன். அப்படி யாரும் முன்வராவிட்டால், இரண்டு இணைச் செயலாளர்களைப் பொதுக்குழு நியமித்துத் தரும் என்ற நம்பிக்கையோடு மேலும் ஓராண்டு தொடர்வது பற்றி யோசிக்கலாம்.

வெற்றுப் படிவங்களும் சந்தா ரசீதுப் புத்தகமும் பதிவேட்டின் பக்கத்திலேயே உள்ளன. இன்று சாப்பாட்டுக்குப் போகுமுன் அங்கே ஒருமுறை வந்து போகுமாறு உறுப்பினர்களைக் கேட்டுக்கொண்டு, இவ்வறிக்கையைப் பொதுக்குழுவின் ஒப்புதலுக்குச் சமர்ப்பிக்கிறேன்.

செயலாளர்